பின்னிருந்து படிக்க வேண்டிய பட்டியல்

நிரல் விழுந்தபோது மெயின் ஃபங்ஷன் இன்னும் அழைக்கப்படவே இல்லை. பிழை தேட உதவும் டீபக்கர் காட்டிய அழைப்பு அடுக்கின் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியலின்) அடியில் நிரலின் தொடக்கப் புள்ளியும் அதற்கு மேலே சி லைப்ரரியும் இருந்தன. அவற்றுக்கு மேலே, ஒரு பொருள் உருவாகும்போது ஓடும் ஃபங்ஷனான கன்ஸ்ட்ரக்டர் ஒன்றும், உச்சியில் அது அழைத்த நினைவக ஒதுக்கீட்டு ஃபங்ஷனும் நின்றன. அந்த ஃபங்ஷன் படிக்க முயன்ற முகவரி 24. இவ்வளவு சிறிய முகவரியைக் கண்டாலே, யாரோ எதையும் சுட்டாத ஒரு வெற்றுப் பாயின்டரை உண்மையான பொருள் என்று நம்பி, அதன் தொடக்கத்திலிருந்து 24 பைட் தள்ளியுள்ள ஓர் உறுப்பை எடுக்கப் போயிருக்கிறார்கள் என்று புரிந்துவிடும். நினைவகத்தைப் பங்கிட்டுத் தரும் மெமரி பூல் உருவாவதற்கு முன்பே அதிலிருந்து இடம் கேட்டிருக்கிறார்கள். இலை போடும் முன்பே சாதம் பரிமாறியதைப் போல.

கம்பைல் செய்த கோப்புகளை ஒரே நிரலாக இணைக்கும் கருவிக்கு லிங்கர் என்று பெயர்; எங்கள் குழு உள்பயன்பாட்டுக்காக வைத்திருக்கும் சிறிய லிங்கரைச் சில ஆண்டுகளாக நான்தான் பராமரித்து வருகிறேன். விழுந்த நிரலில், வெளியாரிடமிருந்து பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய, மூலநிரல் கையில் இல்லாத ஒரு சி++ லைப்ரரி இணைக்கப்பட்டிருந்தது. மூலநிரலை இயந்திர நிரலாக மாற்றும் கம்பைலர் தன் பெயரையும் பதிப்பையும் எழுதி வைக்கும் குறிப்புப் பகுதியைத் திறந்து பார்த்ததில், அது ஜிசிசி என்ற கம்பைலரின் 4.4 பதிப்பு கொண்டு கம்பைல் செய்யப்பட்டது என்று தெரிந்தது. அந்த ஒரு வரியைப் பார்த்ததுமே பிழை லைப்ரரியில் அல்ல, என்னிடம்தான் இருக்கிறது என்ற ஐயம் எனக்கு எழுந்தது. அதற்குக் காரணம் சொல்லக் கொஞ்சம் பழைய கதை தேவைப்படுகிறது.

சி++ நிரலில் பொது மாறியாக அறிவிக்கப்பட்ட ஒரு பொருளுக்குக் கன்ஸ்ட்ரக்டர் இருந்தால், அது மெயின் தொடங்கும் முன் ஓடியாக வேண்டும். அதற்காகக் கம்பைலர் ஒவ்வொரு மூலக் கோப்புக்கும் ஒரு தொடக்க ஃபங்ஷனை உருவாக்கி, அதன் முகவரியை, தான் ஆக்கித் தரும் ஆப்ஜெக்ட் கோப்பில் இதற்கென்றே உள்ள ஒரு பகுதியில் எழுதி வைக்கிறது. எல்லாக் கோப்புகளிலிருந்தும் அந்த முகவரிகளைத் திரட்டி ஒரே அட்டவணையாக ஆக்குவது லிங்கரின் வேலை. அந்த அட்டவணையில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக அழைப்பது தொடக்க நிரலின் வேலை. லினக்ஸ் நிரல் கோப்புகளின் எல்ஃப் வடிவத்தில் இதற்கு இரண்டு ஏற்பாடுகள் உண்டு. பழையது சி-டார்ஸ் என்ற பகுதி. புதியது இனிட்-அரே என்ற பகுதி. ஜிசிசி 2012இல் வெளிவந்த 4.7 பதிப்பிலிருந்து லினக்ஸில் புதியதற்கு மாறியது. இரண்டிலும் இருப்பவை முகவரிகளே. இரண்டின் நோக்கமும் ஒன்றே. வேறுபாடு ஒன்றுதான்: இனிட்-அரேயை முதலிலிருந்து கடைசிக்கும், சி-டார்ஸைக் கடைசியிலிருந்து முதலுக்கும் ஓட்டுவார்கள்.

பின்னிருந்து ஓட்டும் வழக்கம் வெறும் விந்தையாக மட்டும் இருந்துவிடவில்லை. 2010 வாக்கில் ஃபயர்பாக்ஸின் தொடக்க வேகத்தை ஆராய்ந்த மொசில்லா நிரலாளர்கள், கன்ஸ்ட்ரக்டர்கள் தலைகீழாக ஓடுவதால் லைப்ரரிக் கோப்பு வட்டிலிருந்து பின்புறமாகப் படிக்கப்படுவதையும், முன்னோக்கிப் படிப்பதை எதிர்பார்த்து இயங்குதளம் செய்து வைத்திருக்கும் முன்படிப்பு ஏற்பாடு அங்கே பயன்படாமல் போவதையும் கவனித்தார்கள். புதிய ஏற்பாட்டுக்கு மாறியதன் பின்னே இதுவும் ஒரு காரணம்.

இப்போது என் பங்கு. சுமார் இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் கம்பைலரைப் புதுப்பித்தபோது, அதனுடன் வரும் தொடக்க, முடிவுக் கோப்புகளும் மாறின. சி-டார்ஸ் அட்டவணையைப் பின்னிருந்து நடந்து ஓட்டும் சிறு ஃபங்ஷன் பழைய முடிவுக் கோப்பில் இருந்தது. புதியதில் அது இல்லை. ஆகவே பழைய ஆப்ஜெக்ட் கோப்புகளின் சி-டார்ஸ் பகுதியை அப்படியே விட்டால் யாரும் அதைத் தொடமாட்டார்கள். கன்ஸ்ட்ரக்டர்கள் ஓடாது, பிழைச் செய்தியும் வராது. இதைக் கண்டுபிடித்து நான் லிங்கரில் ஒரே ஒரு வரி சேர்த்தேன்: உள்ளே வரும் பகுதியின் பெயர் சி-டார்ஸ் என்றிருந்தால் அதை இனிட்-அரே என்றே கொள்க. அதன் மேலே நான் எழுதியிருந்த குறிப்பும் இன்னும் இருந்தது: ‘இரண்டும் ஒன்றே’. கையொப்பம் என்னுடையது.

இரண்டு ஆண்டுகள் யாரும் முறையிடாததற்குக் காரணம், ஒரு மூலக் கோப்புக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு தொடக்க ஃபங்ஷன் என்பதுதான். ஒரே பதிவு உள்ள பட்டியலை எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் ஒன்றே. ஆனால் இந்த லைப்ரரியை விற்றவர்கள், தங்கள் ஆப்ஜெக்ட் கோப்புகள் அனைத்தையும் குனு எல்டி என்ற லிங்கரின் பகுதி இணைப்பு முறையில் (முழு நிரலாக்காமல் கோப்புகளை மட்டும் சேர்க்கும் முறையில்) ஒரே ஆப்ஜெக்ட் கோப்பாக உருட்டித் தந்திருந்தார்கள். அப்படி உருட்டும்போது 23 கோப்புகளின் சி-டார்ஸ் பகுதிகள் ஒட்டிக்கொண்டு 184 பைட் நீளமுள்ள ஒரே பகுதியாகிவிட்டன. கட்டளை வரியில் மெமரி பூல் இருக்கும் கோப்பை அவர்கள் கடைசியில் வைத்திருந்தார்கள். பின்னிருந்து ஓடும் அட்டவணையில் கடைசியில் இருப்பதுதான் முதலில் ஓடும் என்பதை அறிந்தே வைத்தார்களோ, பல முறை மாற்றிப் பார்த்து ஓடிய வரிசையை அப்படியே விட்டார்களோ, அது அவர்களுக்கே வெளிச்சம்.

சி++ தரநிலையின்படி, ஒரே கோப்புக்குள் பொது மாறிகள் வரையறுக்கப்பட்ட வரிசையில் தொடங்கப்படும். வெவ்வேறு கோப்புகளுக்கிடையே எந்த வரிசை உறுதியும் கிடையாது. அந்த வகையில் இது லைப்ரரியின் பிழையே என்று வாதிடலாம். நானும் முதல் அரை மணி நேரம் அப்படித்தான் எனக்குள் வாதிட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் லிங்கர் பார்ப்பது மூலக் கோப்புகளை அல்ல. அதன் கையில் வருவது ஓர் ஆப்ஜெக்ட் கோப்பு, அதில் ஒரு பகுதி, அந்தப் பகுதியில் 23 பதிவுகள், அவை இன்ன திசையில் ஓடும் என்ற பழைய ஒப்பந்தம். அந்தப் பதிவுகள் 23 மூலக் கோப்புகளிலிருந்து வந்தவையா, ஒரே சி கோப்பில் கன்ஸ்ட்ரக்டர் குறியிட்டு எழுதப்பட்ட 23 ஃபங்ஷன்களா என்று அதற்குத் தெரிய வழியில்லை. தெரியாதபோது அது செய்யக்கூடிய நேர்மையான வேலை, கொடுக்கப்பட்ட பகுதிக்குள்ளே ஓட்ட வரிசையை மாற்றாமல் இருப்பது. நான் மாற்றியிருந்தேன்.

உறுதி செய்துகொள்வது கடினமாக இல்லை. கடந்த மாதம் வரை இந்த நிரல் பழைய கம்பைலர் கொண்டே கட்டப்பட்டு வந்ததால், பழைய இயங்குகோப்பு கையில் இருந்தது. அதில் 23 தொடக்க ஃபங்ஷன்களிலும் நிறுத்தப் புள்ளி வைத்து ஓடும் வரிசையைக் குறித்துக்கொண்டேன். புதியது முதல் பதிவிலேயே விழுந்துவிடுவதால், அதில் கன்ஸ்ட்ரக்டர்கள் தொடங்கும் முன் நிறுத்தி, நினைவகத்தில் இருக்கும் அட்டவணையை எட்டு எட்டு பைட்டாகப் படித்து, ஒவ்வொரு முகவரிக்கும் உரிய சிம்பலை, அதாவது ஃபங்ஷனின் பெயரை, தேடி எழுதினேன். எங்கே நிறுத்துவது என்பதைப் பற்றி ஒரு சொல்: பழைய வழிகாட்டிகள் இயங்குகோப்பிலேயே இருக்கும் ஒரு சிறிய தொடக்க ஃபங்ஷனில் நிறுத்தச் சொல்லும். 2021இல் வந்த லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சியின் 2.34 பதிப்பிலிருந்து அந்த வேலை அதற்குள்ளேயே போய்விட்டது. பழைய பெயரைத் தேடிக்கொண்டிருந்தால் பொழுதுதான் போகும். இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பமாக இருந்தது.

திருத்தம் எளிதென்றே நினைத்தேன். சி-டார்ஸ் பகுதியை இனிட்-அரேயில் சேர்க்கும்போது அதன் உள்ளடக்கத்தைச் சொல் சொல்லாக, அதாவது 64-பிட்டில் எட்டு பைட்டுகளாகவும் 32-பிட்டில் நான்கு பைட்டுகளாகவும், தலைகீழாகத் திருப்பி எழுதினால் போதும். எழுதினேன், கம்பைல் செய்தேன், சோதனைக் குழுவுக்கு அனுப்பினேன். மதிய உணவுக்குப் பிறகு பதில் வந்தது: “சார், முப்பத்திரண்டு பிட்ல நல்லா ஓடுது. அறுபத்து நாலு பிட்ல அதே இடத்துலயே விழுது.”

இரண்டுக்கும் ஒரே நிரல் வரிகள். சொல்லின் அளவு மட்டுமே வேறு. முதலில் அளவைத்தான் சந்தேகித்தேன், அது சரியாக இருந்தது. பிறகுதான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன்: 64-பிட் ஆப்ஜெக்ட் கோப்பின் சி-டார்ஸ் பகுதியைப் பைட் பைட்டாகத் திரையில் கொட்டிப் பார்த்தேன். 184 பைட்டுகளும் சுழியம். வரிக்குப் பதினாறாகப் பதினோரு முழு வரிகள், ஓர் அரை வரி, வேறெதுவும் இல்லை. நான் 23 சுழியங்களை மிகுந்த கவனத்துடன் தலைகீழாக அடுக்கிக்கொண்டிருந்தேன்.

முகவரிகள் அங்கே இல்லை என்றால் எங்கே இருக்கின்றன? ஆப்ஜெக்ட் கோப்பில் இறுதி முகவரிகள் தெரியாது. ஆகவே ‘இந்தப் பகுதியில் இத்தனையாவது பைட்டில் இந்தச் சிம்பலின் முகவரியோடு இந்தக் கூட்டெண்ணைச் சேர்த்து எழுது’ என்ற ரீலொகேஷன் குறிப்புகளைக் கம்பைலர் தனியே வைக்கிறது. 64-பிட் எக்ஸ்86இல் அந்தக் குறிப்பு 24 பைட் நீளமுடையது: இடம், சிம்பலும் வகையும், கூட்டெண் ஆகிய மூன்றும் அதிலேயே அடங்கிவிடும். எழுதப்பட வேண்டிய இடத்தில் முன்கூட்டி எதுவும் இருக்க வேண்டியதில்லை, எனவே சுழியம். 32-பிட் எக்ஸ்86இல் குறிப்பு எட்டே பைட். கூட்டெண்ணுக்கு அதில் இடமில்லை. எனவே கூட்டெண், எழுதப்பட வேண்டிய இடத்திலேயே முன்பே எழுதப்பட்டிருக்கும்.

இதனால் 64-பிட்டில் என் திருத்தம் எதையுமே செய்யவில்லை என்பது விளங்கியது. 32-பிட்டில் அது ஏன் வேலை செய்தது என்பது இன்னும் சுவையானது. லைப்ரரியின் தொடக்க ஃபங்ஷன்கள் அனைத்தும் கோப்புக்கு வெளியே பெயர் தெரியாதவை; ஆகவே குறிப்புகள் அவற்றைப் பெயரால் சுட்டாமல், ‘நிரல் பகுதியின் தொடக்கம், அதிலிருந்து இவ்வளவு தொலைவு’ என்று சுட்டின. எல்லாவற்றையும் ஒன்றாக உருட்டியபோது நிரல் பகுதியும் ஒன்றாகிவிட்டதால், 23 குறிப்புகளும் சுட்டிய சிம்பல் ஒன்றே. வேறுபட்டது தொலைவு மட்டும். அந்தத் தொலைவு பகுதியின் உள்ளடக்கத்தில் இருந்தது. அதைத்தான் நான் திருப்பியிருந்தேன். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. 23 ஃபங்ஷன்களில் ஒன்றே ஒன்று வேறொரு பகுதியில் இருந்திருந்தாலும், ஒன்றின் தொடக்கத்தோடு மற்றொன்றின் தொலைவு கூடி, எந்த ஃபங்ஷனுக்கும் சொந்தமில்லாத முகவரிக்கு நிரல் பாய்ந்திருக்கும். சோதனையில் ஓடியது என்பதற்காக 32-பிட் திருத்தத்தை மட்டும் வெளியிட்டுவிட்டு, 64-பிட்டை வேறு பிழையாகக் கருதி இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கணம் தோன்றியதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

சரியான திருத்தத்தில் உள்ளடக்கமும் குறிப்புகளும் சேர்ந்தே திரும்ப வேண்டும். ஒவ்வொரு குறிப்பிலும் உள்ள இடத்தை, பகுதியின் நீளத்திலிருந்து பழைய இடத்தையும் ஒரு சொல்லின் அளவையும் கழித்து மாற்றினால் போதும். இந்த லைப்ரரியில் சுழியத்தில் இருந்த முதல் பதிவு, 184இலிருந்து சுழியத்தையும் எட்டையும் கழிக்க, 176க்குப் போகிறது; 176இல் இருந்த கடைசிப் பதிவு சுழியத்துக்கு வருகிறது; நடுவில் 88இல் இருக்கும் பன்னிரண்டாவது பதிவு இருந்த இடத்திலேயே இருக்கிறது. சொல்லின் அளவைக் கழிக்க மறந்தால் முதல் பதிவு 184க்குப் போய், பகுதிக்கு வெளியே, பக்கத்து வீட்டில் எழுதும். என் முதல் வரைவில் அதுவும் நடந்தது, லிங்கரில் இருந்த எல்லைச் சரிபார்ப்பு பிடித்துக்கொண்டது. இடங்களை மாற்றிய பிறகு குறிப்புகளின் பட்டியலையும் ஒரு முறை திருப்ப வேண்டியிருந்தது. எங்கள் லிங்கரின் வேறு சில இடங்கள் அவை ஏறுவரிசையில் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்டவை.

பிற்பாடு மற்ற லிங்கர்களின் மூலநிரலைப் படித்தபோது, நான் இரண்டு நாள் நடந்த பாதை முன்பே கல் பதிக்கப்பட்டுக் கிடந்ததைப் பார்த்தேன். குனு எல்டியின் அடித்தள லைப்ரரியில், தலைகீழாகப் படியெடுக்க வேண்டிய பகுதிகளுக்கென்றே ஒரு கொடி (அடையாளக் குறி) இருக்கிறது. ரீலொகேஷன் இடங்களைக் கணக்கிடும் ஃபங்ஷனும் அதே கொடியைப் பார்த்துக் கண்ணாடிக் கணக்குப் போடுகிறது. மோல்ட் லிங்கரிலும் இதே வேலைக்கு ஒரு தனி ஃபங்ஷன் உண்டு. எழுதும் முன் படித்திருக்கலாம்.

அந்த இடத்தில் கை வைத்ததும் பக்கத்திலிருந்த வேறு சில அழுக்குகளும் கண்ணில் பட்டன. பழைய தொடக்கக் கோப்பு, சி-டார்ஸ் அட்டவணையின் தலையில் எல்லைக் குறியாக மைனஸ் ஒன்றையும், முடிவுக் கோப்பு அதன் வாலில் சுழியத்தையும் வைக்கும். இவை ஃபங்ஷன்கள் அல்ல. இனிட்-அரேயில் புகுந்தால் தொடக்க நிரல் இவற்றையும் ஃபங்ஷனாகவே அழைக்கும். எல்டியின் இயல்பு ஸ்கிரிப்ட் (அது வழக்கமாகப் பின்பற்றும் கட்டளைக் கோப்பு) இந்தக் கோப்புகளைப் பெயரைக் கொண்டே விலக்கி வைக்கிறது. கோப்பின் பெயரைப் பார்த்து முடிவெடுப்பது எனக்கு உவப்பானதல்ல என்றாலும் அதையே பின்பற்றினேன்; கூடவே, ரீலொகேஷன் குறிப்பே இல்லாமல் மைனஸ் ஒன்றோ சுழியமோ உள்ள பதிவு வேறு கோப்பில் தென்பட்டால் இணைப்பை நிறுத்திப் பிழை சொல்லும்படியும் செய்தேன்.

இன்னொன்று முன்னுரிமை எண்கள். கன்ஸ்ட்ரக்டருக்கு 101 முதல் 65535 வரை ஓர் எண் கொடுக்கலாம். சிறிய எண் முதலில் ஓடும். 100 வரை உள்ளவை கம்பைலருக்கும் அதன் லைப்ரரிகளுக்கும் ஒதுக்கப்பட்டவை. அந்த எண் பகுதியின் பெயரோடு ஒட்டாக வரும். சி-டார்ஸ் பின்னிருந்து ஓடுவதால் அங்கே ஒட்டாக வருவது 65535இலிருந்து அந்த எண்ணைக் கழித்து வரும் மீதி: 101 என்றால் 65434. எங்கள் லிங்கர் இந்தக் கழித்தலைச் செய்யவில்லை. அதைவிட மோசமாக, ஒட்டுகளை எண்ணாகக் கருதாமல் எழுத்துச் சரமாகக் கருதி வரிசைப்படுத்திக்கொண்டிருந்தது. ஜிசிசி முன்னால் சுழியம் சேர்த்து ஐந்து இலக்கமாக எழுதுவதால் அதன் கோப்புகளில் இது தெரியவில்லை. கிளாங் என்ற மற்றொரு கம்பைலர் சுழியம் சேர்ப்பதில்லை என்பதால், அதன் கோப்புகளில் 1000 என்ற முன்னுரிமை 200க்கு முன்னால் ஓடும். இதை யாரும் இதுவரை முறையிடவில்லை. திருத்திவிட்டேன்.

மிகுந்த விவாதத்துக்கு உள்ளானது வேறொரு கேள்வி. பகுதிக்குள் வரிசையைத் திருப்பியாகிவிட்டது, கோப்புகளுக்கிடையே? பழைய ஏற்பாட்டில் கட்டளை வரியில் கடைசியில் நிற்கும் கோப்பின் கன்ஸ்ட்ரக்டர் முதலில் ஓடும். புதியதில் முதலில் நிற்பது முதலில் ஓடும். சி-டார்ஸ் கொண்ட கோப்புகள் பத்து வந்தால் அந்தப் பத்தையும் தங்களுக்குள் தலைகீழாக அடுக்க வேண்டுமா? என்னைவிடப் பல ஆண்டுகள் மூத்த சகபணியாளர் ஒருவர், பழைய நடத்தையைக் காப்பதென்றால் முழுவதும் காப்பதே முறை என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் புதிய கோப்புகளும் பழைய கோப்புகளும் இடையிடையே கலந்து நிற்கும் கட்டளை வரியில், பழையவை மட்டும் தலைகீழாகவும் புதியவை நேராகவும் ஓடினால், கட்டளையைப் பார்த்து வரிசையை ஊகிக்க யாராலும் முடியாது. எல்டியின் இயல்பு ஸ்கிரிப்ட் இரண்டையும் ஒரே வரியில் கோப்பு வரும் முறையிலேயே சேர்க்கிறது. கோப்புகளுக்கிடையே அது எதையும் திருப்புவதில்லை. நானும் அங்கேயே நின்றுகொண்டேன். அந்த வரிசையை நம்பி எழுதப்பட்ட நிரல் எங்களிடம் இருக்கிறதா என்று பார்க்க, கோப்புகளின் இனிட்-அரே பகுதிகளைத் தலைகீழாக அடுக்கச் சொல்லும் விருப்பத்தேர்வு எல்எல்டி என்ற மற்றொரு லிங்கரில் இருப்பது பெரிதும் உதவியது: அந்த லிங்கர் கொண்டு எங்கள் நிரல்கள் அனைத்தையும் ஒரு முறை தலைகீழாகக் கட்டி ஓட்டிப் பார்த்தோம். இரண்டு விழுந்தன. இரண்டும் எங்கள் சொந்த நிரல்கள். இரண்டிலும் பொது மாறியை, முதல் அழைப்பின்போது உருவாகும் உள்மாறியாக மாற்றி எழுதினோம்.

சோதனைக் கோப்பைச் சி++இல் எழுத முடியவில்லை. இன்றைய கம்பைலர் சி-டார்ஸ் பகுதியைத் தானாக உருவாக்குவதில்லை. இயந்திர மொழிக்கு நெருக்கமான அசெம்பிளியில் பகுதியின் பெயரை நேரடியாகக் குறிப்பிட்டு மூன்று பதிவுகள் எழுதினேன்: ஒன்று பெயரால் சுட்டப்படும் ஃபங்ஷன், மற்ற இரண்டு வெவ்வேறு பகுதிகளில் இருந்து தொலைவால் சுட்டப்படுபவை. ஒவ்வொன்றும் ஓர் எழுத்தை அச்சிடும். என் முதல் திருத்தத்தை இந்தச் சோதனையில் 32-பிட்டில் ஓட்டிப் பார்த்தேன், உடனே விழுந்தது.

நிரல் முடியும்போது ஓடும் டெஸ்ட்ரக்டர்களுக்கும் இதே போன்ற இரட்டை ஏற்பாடு உண்டு, அங்கே திசைகள் இதற்கு நேர்மாறாக இருக்கும்: பழைய டி-டார்ஸ் முன்னிருந்தும் புதிய ஃபினி-அரே பின்னிருந்தும் ஓடும். கண்ணாடிக் கணக்கு அதே கணக்குத்தான் என்பதால் அந்தப் பெயரையும் அதே ஃபங்ஷனில் சேர்த்து, அதற்கும் ஒரு சோதனை எழுதி வைத்தேன். சி++ டெஸ்ட்ரக்டர்கள் லினக்ஸில் நிரல் ஓடும்போதே தனியாகப் பதிவு செய்துகொள்ளப்படுவதால் இந்தப் பட்டியலுக்குள் அவை வருவதே இல்லை. விலைக்கு வாங்கிய அந்த லைப்ரரியிலும் டி-டார்ஸ் பகுதி காலியாகவே இருந்தது. எனக்குத் தெரிந்தவரை அந்த வரியை ஓட்டிப் பார்ப்பது இன்றுவரை அந்தச் சோதனை ஒன்றுதான்.